அத்தான் கை வைத்த கம்ப்யூட்டர்

அக்காவின் கணவர் இப்போது ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறார். அங்கே யாரோ ஒரு அப்பாவிப் பக்கத்து வீட்டுக்காரர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் வீட்டுக் குழாயை இந்த மனிதர் எதற்காகக் கழற்றி மாட்டினார் என்று புரியாமல், மரியாதைக்கு நன்றி சொல்லிக்கொண்டு நிற்பார். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. அத்தானை எனக்குத் தெரியும்.

"செஞ்சாச்சு" என்பார். அதுதான் அவருடைய வார்த்தை. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "செஞ்சாச்சு மாமா. இனிமே உங்களுக்குக் கவலையே இல்ல" என்பார். செய்யட்டுமா என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் செகந்திராபாத், மாரெட்பள்ளி. தாத்தா திருநெல்வேலியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அப்பாவும் ரயில்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். அம்மா காலமான பிறகு வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். நான் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. அக்காவும் அத்தானும் ஊரின் அந்தக் கோடியில், அவருடைய ஐ.டி. கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் எல்லோருக்கும் சாப்பாடு. சாப்பாடு வயிற்றில் இறங்குவதற்குள் அத்தானுக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. இரண்டு கண்களையும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டு இரும்பு கேட் கிறீச்சென்று அலறும். தெருவுக்கே கேட்கும். வராந்தாவில் உட்கார்ந்தபடி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வருவது யாரென்று அப்பா கண்டுபிடிப்பார். தண்ணீர் கேன் போடுகிறவர் காலால் தள்ளுவார். பக்கத்து வீட்டு அம்மா பாதி திறந்து அப்படியே நிற்பார். நான் இழுத்துச் சாத்துவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். கேட்டின் கீலைக் கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, வெண்ணெயில் விரல் விட்டதுபோல ஆக்கிவிட்டார். செஞ்சாச்சு. மறுநாள் கூரியர் கொண்டுவந்தவன் அப்பாவின் காதருகில் வந்து "சார்" என்று கூப்பிட, கையிலிருந்த டீ அப்படியே மடியில். தொடை சிவந்துபோனது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மாப்பிள்ளைட்ட ஒண்ணும் சொல்லிராத ஏட்டி" என்றார் அப்பா. "ஆசையா செஞ்சிருக்காரு."

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் சும்மா இல்லை. அத்தானின் குரல் தெருவில் கேட்டாலே அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். தன்னைவிட எத்தனையோ வயது சின்னவரை "வாங்க, இருங்க, சாப்பிடுங்க" என்றுதான் பேசுவார். கோழியில் நல்ல துண்டு அவருக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடம் அவருக்கு. அவர் செய்ததைக் குறை சொல்வது என்பது எங்கள் அகராதியிலேயே இல்லாத சங்கதி. அக்கா அங்கே போய் வாழ்கிறவள் அல்லவா? இங்கே ஒரு சொல் கூடினால் அங்கே அவளுக்கு ஒரு சொல் கூடும் என்று அப்பாவுக்குப் பயம்.

இந்தப் பயத்தைத் தின்றுதான் அத்தான் வளர்ந்தார் என்று நான் சொல்வேன். இரானி ஓட்டலுக்குக் கூட்டிப் போவார். நாற்காலியில் உட்காருவதற்குள் எல்லோருக்கும் ஆர்டர் கொடுத்து முடித்திருப்பார். எனக்கு உஸ்மானியா பிஸ்கட் போதும் என்பது அந்த ஓட்டல் சர்வருக்குக்கூடத் தெரியும். "உனக்கு சமோசாதான்மா பிடிக்கும்" என்று தட்டை என் பக்கம் தள்ளுவார். ஒரு நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது அமீர்பேட்டிலிருந்து போன். "மேடம், மீ பேட்ச் மண்டே ஸ்டார்ட் அவுத்துந்தி" என்கிறாள் ஒரு பெண், திங்கட்கிழமை என்னுடைய வகுப்பு தொடங்குகிறதாம். என்ன வகுப்பு? அத்தான் என்னை ஏதோ சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துப் பணமும் கட்டிவிட்டார். மருந்துக் கம்பெனியில் எனக்கு எதிர்காலம் இல்லையாம். நான் மாத்திரை கரைகிற நேரத்தை அளந்துகொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தேன். யாராவது என்னைக் கேட்டால்தானே!

கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் படுத்துக் கிடந்தது அவர்தான். பெட்பேன் எடுத்து வைத்ததும் அவர்தான். முகம் சுளித்தது இல்லை, ஒரு தடவை சொல்லிக் காட்டியது இல்லை. அதனால்தான் அவர்மேல் கோபப்படும்போதெல்லாம் நான்தான் நன்றி கெட்டவளாகத் தெரிந்தேன்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் கம்ப்யூட்டர் பழையது. அதை இயக்கிய மென்பொருளும் பழையது, ஏழாம் பதிப்பு. அதில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு மென்பொருள் இருந்தது. தமிழும் படிக்கும். உணர்ச்சி கிணர்ச்சி எதுவும் இல்லாத இரும்புக் குரல். ஆனால் அப்பாவுக்கு அது போதும். எந்த விசையை அழுத்தினால் மெயில், எதை அழுத்தினால் செய்தித்தாள், எதை அழுத்தினால் ஒரு வரி பின்னால் என்று விரல்களுக்குத் தெரியும். பார்வை மங்கத் தொடங்கியபோதே உட்கார்ந்து பழகியது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர்பாட்டுக்கு இருப்பார். யாரையும் "கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று கேட்க வேண்டியதில்லை.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க முறை வைத்திருக்கிறார்கள். கண் போன பிறகு அப்பாவின் பெயரை எடுத்துவிடலாமா என்று போதகர் தயங்கினார். அப்பா விடவில்லை. தன் முறை வருகிற வாரம் முழுக்க அந்த அதிகாரத்தைக் கம்ப்யூட்டர் படிக்கப் படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்து நடந்துபோய், புத்தகம் இல்லாமல் நின்று, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார். சபை மூச்சுக் காட்டாமல் கேட்கும். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அவரிடம் மிச்சம் இருந்த ஒரே கர்வம் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கம்பெனியில் டியூட்டி. திரும்பி வந்தபோது அக்காவும் அத்தானும் போய்விட்டிருந்தார்கள். அக்கா போனில் கூப்பிட்டாள்.

"உங்க அத்தான் மத்தியானம் பூரா தூங்காம உக்காந்து அப்பா கம்ப்யூட்டரைப் புதுசாக்கிட்டாரு. ஏழை எடுத்துட்டு பத்தாம் பதிப்பு போட்டிருக்காரு. மலை, கடல்னு படம்லாம் வருது, பாத்தியா?"

படம் வந்தது. பார்வை இல்லாத மனிதரின் கம்ப்யூட்டரில் மலையும் கடலும் பளபளவென்று வந்தன. "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. நான் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

அதற்கடுத்து சில வாரங்கள் போயிருக்கும். ஆராதனை முடிந்து வாசலில் போதகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்குத் தொண்டை எப்படிம்மா இருக்கு? அவர் முறை தவறிப்போச்சே."

"தொண்டைக்கு என்ன ஐயா?"

"கட்டிக்கிட்டு சரியாகலைன்னு சொன்னாரே."

அப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். முந்தின நாள் பக்கத்து வீட்டு அம்மாவோடு மணிக்கணக்காகப் பேசிய தொண்டை அது.

மறுநாள் கம்பெனியில் கரண்ட் போய், எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கேட்டைத் திறந்தேன். அதுதான் இப்போது சத்தமே போடாதே. நான் வந்தது அப்பாவுக்குத் தெரியவில்லை. உள்ளே போனால், கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விசைகளைத் தட்டுகிறார். நிறுத்துகிறார். தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல இருக்கிறார். மறுபடி தட்டுகிறார். திரையில் பூட்டுப் படத்தோடு ஒரு கடற்கரை அப்படியே நிற்கிறது. உள்ளேயே போகவில்லை.

"என்னப்பா படிக்கிறீங்க?"

திடுக்கிட்டார். "மெயிலு."

"யாருட்ட இருந்து?"

மெதுவாக ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இது பேசமாட்டேங்கு ஏட்டி" என்றார்.

"அன்னையிலிருந்தேவா?"

தலையாட்டினார்.

"ஏன்ப்பா சொல்லல? எதுக்கு இந்த நடிப்பு?"

"பக்கத்து வீட்டுல யாரும் பாத்து உங்க அக்காட்ட சொல்லிட்டா? மாப்பிள்ளை அவ்வளவு நேரம் உக்காந்து செஞ்சது. அப்பா அதத் தொடவே இல்லைன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படாதா?"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. அத்தான்மேல் வந்தது, அக்காமேல் வந்தது, எல்லோரையும்விட அப்பாமேல் வந்தது. ஒரு மனிதர் தன் சொந்த வீட்டில், தன் சொந்த நாற்காலியில், மருமகன் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஊமைப் பெட்டி முன்னால் உட்கார்ந்து படிக்கிறதுபோலப் பாவனை செய்கிறார். அதற்காக ஆலய வாசலில் நின்று பொய் சொல்கிறார்.

அத்தானுக்குப் போன் போட்டேன்.

"அப்படியா? அந்த ஹெட்செட்ல மாமா பாட்டு கேக்குறாருன்னுல்ல நெனச்சேன்" என்றார். குரலில் ஆச்சரியம்தான். கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. "அந்த வாய்ஸ் புரோகிராம் ரொம்பப் பழசும்மா, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. எடுத்துட்டேன். புதுசுலயே வாய்ஸ் இருக்கு, அதைப் போட்டுக்கச் சொல்லு."

"பழையபடி ஆக்கணும் அத்தான்."

"முடியாதும்மா. சுத்தமா அழிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன். பழசுக்கு இனிமே அப்டேட்டே கிடையாது. வைரஸ் வந்தா யார் பாக்குறது?"

வைரஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். அவர் சொல்கிற விஷயங்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் தொல்லை. புதியதிலிருந்த குரலையும் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் படபடவென்று இங்கிலீஷ் பேசினாள். தமிழ் எழுத்து வந்தால் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவின் விரல்களுக்குத் தெரிந்த விசை எதற்கும் அவள் மசியவில்லை. பழைய மென்பொருளை அதில் ஏற்றிப் பார்த்தால் ஏறவே மாட்டேன் என்றது.

பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு பார்க் லேனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஓல்டு வாலா கைக்கு மேடம்? சப் லோகாம் நயா டால் லே ரே."

எல்லோரும் புதுசு போட்டுக்கொள்ளும்போது உனக்கு மட்டும் பழசு எதற்கு என்கிறார். "முஜே ஓல்டீச் ஹோனா" என்றேன், எனக்குப் பழசேதான் வேண்டும் என்று. நான் சொன்ன விதத்தில் அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. "ஹவ் ஹவ்" என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

அந்தப் பேசும் மென்பொருளின் சிடியை அப்பா பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிடியைப் போட்டு ஏற்றி, ஸ்பீக்கரை மாட்டினேன். இரும்புக் குரல் முதல் வார்த்தையைச் சொன்னதும் அப்பாவின் இரண்டு கைகளும் தாமாகவே விசைப்பலகைக்குப் போயின. வேதாகமத்தில் ஏதோ ஒரு சங்கீதத்தைத் திறந்தார். குரல் படித்தது. அப்பா அழுதார். நானும் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். வேறு எதற்காகவும் இல்லை.

வங்கி வேலை எதையும் அதில் செய்யக்கூடாது என்று மட்டும் சொன்னேன். "எனக்கு எதுக்கு ஏட்டி வங்கி?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறும் கோழியும் சாப்பிட்டுவிட்டு அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அட, யாரு மறுபடியும் பழசப் போட்டது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் வெளியே வந்தது. "பரவால்ல, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்."

"கை வைக்காதீங்க அத்தான்."

"இல்லம்மா, நீ தெரியாம..."

"தெரிஞ்சுதான் போட்டேன். கையை எடுங்க."

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. கேட்டுக்கு எண்ணெய் விட்டதைச் சொன்னேன். அமீர்பேட் கோர்ஸைச் சொன்னேன். சமோசாவைக்கூட விடவில்லை. அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"யாருட்ட பேசுறோம்னு தெரியுதா உனக்கு?"

"நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?" என்றார் அத்தான். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. முகம் சின்னப் பிள்ளைபோல ஆகிவிட்டது.

"உங்க நல்லதால எங்கப்பா தொண்டை கட்டிக்கிச்சுன்னு கோயில்ல பொய் சொல்லிட்டு அலையிறாரு. ஒரே ஒரு வார்த்தை அவரைக் கேட்டீங்களா?"

அத்தான் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். டீ குடிக்காமல் போய்விட்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்பா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து இரும்புக் குரல் கேட்டது. அப்பா தட்டச்சு செய்யச் செய்ய அது படித்துக்கொண்டு வந்தது. "அன்புள்ள மாப்பிள்ளைக்கு. சின்னப் பெண். வேலைக் களைப்பில் பேசிவிட்டாள். பெரிய மனது பண்ணி மன்னிக்கவும்."

கையிலிருந்த சட்டியைத் தொட்டியில் போட்டேன், சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்றே போட்டேன். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைக்காரரோடு மல்லுக்கட்டி நான் மீட்டுக் கொண்டுவந்த குரல். அது முதலில் செய்த வேலை என் பெயரில் மன்னிப்புக் கேட்டது. அப்பாவோடு அன்று நான் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. நான் இருக்கும்போதே அப்பா அதைத் திறந்தார். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தது. "மாமா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தப்பு கம்ப்யூட்டர்மேல்தான். அது மிகவும் பழசு. உங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஆர்டர் பண்ணிவிட்டேன். இந்த வாரமே வந்துவிடும்."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அப்பா ஒரு வரி பின்னால் போய் அதையே மறுபடியும் கேட்டார்.

பெட்டி சனிக்கிழமை வந்தது. டெலிவரி பையன் வராந்தாவில் அதை இறக்கிவைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். கத்தித் திருப்பி அனுப்பத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"யாரு?"

"உங்க மாப்பிள்ளை அனுப்புன கம்ப்யூட்டர் வந்திருக்கு. வாங்கணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. நான் பேசினா அதுக்கும் ஒரு மன்னிப்பு எழுதுவீங்க."

அப்பா குனிந்து அட்டைப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். பெரிய பெட்டிதான். வாங்கிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தார்.

"நக்கோ பாபு" என்றார். "ஹம் நை மங்காயே. வாபஸ் லேகே ஜாவ்."

வேண்டாம், நாங்கள் கேட்கவில்லை, திருப்பிக் கொண்டுபோ. பையன் என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

நாங்கள் உள்ளே வந்து உட்காருவதற்குள் போன் அடித்தது. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"என்ன மாமா, பார்சலைத் திருப்பி அனுப்பிட்டாளாமே?"

"அவ இல்ல மாப்பிள்ளை. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அப்பா போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அது லேட்டஸ்ட் மாடல் மாமா" என்றார் அத்தான். பிறகு அவருடைய பழைய உற்சாகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. "சரி விடுங்க, டெலிவரிக்காரன் ஏதாவது குழப்பியிருப்பான். நாளைக்கு நானே வாங்கிட்டு வந்து மாட்டிக் குடுத்துடறேன்."

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. "ரெண்டு பேரும் வந்து நல்லா சாப்பிடுங்க. போகும்போது அதையும் எடுத்துட்டுப் போயிருங்க."